கார் ஏர்கோன் கேஸ் "முடிந்து" போவதில்லை: வீட்டிலேயே ஏற்ற நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

கோலசிலாங்கூர் - மதியம் இரண்டு மணிக்கு புக்கிட் ரோத்தானிலிருந்து பெஸ்தாரி ஜெயா போகும் வழியில் காரின் ஏர்கோன் வெறும் காற்றை ஊதத் தொடங்கினால், பின்னிருக்கையில் இருப்பவர்கூட உடனே சொல்லிவிடுவார்: "கேஸ் முடிஞ்சிருக்கும், ஏத்திட்டா சரியாயிடும்."

முன்பெல்லாம் இதற்குப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இப்போது இணைய அங்காடிகளில் சிறிய கேஸ் டின், அதோடு ஒரு குழாய், நுனியில் வண்ண மீட்டர் என்று மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. சில பத்து வெள்ளிக்குத் தோட்டத்து வீட்டு வாசலுக்கே வந்துவிடும். எப்படி ஏற்றுவது என்று காட்டும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய் அரைநாள் காத்திருப்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிடலாமே என்று தோன்றுவதில் தப்பில்லை.

ஆனால் டின்னை வாங்குவதற்கு முன்பு ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இருந்த கேஸ் எங்கே போனது?

சொல் ஏமாற்றும் இடம் இது. சமையல் கேஸ் எரிந்து தீர்கிறது. காருக்கு ஊற்றும் எண்ணெயும் எரிந்து தீர்கிறது. ஏர்கோனில் இருப்பதையும் கேஸ் என்றே சொல்வதால், அதுவும் ஓட ஓடக் குறையும், மாதக் கணக்கில் நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் தானாகவே வந்துவிட்டது. உண்மையில் அது எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அது சுற்றும் விதம் எளிமையானது. என்ஜின் பட்டையோடு ஓடும் கம்ப்ரெசர் கேஸை அழுத்திச் சூடாக்கி, காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டுச் சூடு இறங்கி அது திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துளை வழியாக, அதாவது எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாக, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பீய்ச்சப்படுகிறது. அழுத்தம் திடீரென்று குறைவதால் திரவம் கொதித்து மீண்டும் ஆவியாகிறது. ஆவியாக வேண்டுமானால் அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஈரத்துணி காய்கிறபோது சில்லிடுவது போலத்தான். இன்று நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், வெளியில் திறந்துவிட்டால் பூஜ்யத்துக்கு 26 டிகிரி கீழேயே கொதித்துவிடும். விரலில் பட்டால் சதை உறையும் அளவுக்குக் குளிர் அது.

குழாய் மூடியதாக இருந்தாலும், ரப்பர் குழாயின் மேற்பரப்பு வழியாகவும் கம்ப்ரெசர் தண்டின் சீல் வழியாகவும் கொஞ்சம் கசியவே செய்யும். ஆனால் அந்தக் "கொஞ்சம்" மிகவும் கொஞ்சம். ஒரு கூலிங் காயில் உள்ள கார் ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. சிறிய கார் ஒன்றில் பொதுவாக 300 முதல் 500 கிராம் வரை கேஸ் இருக்கும். அந்த வரம்பை எட்டும் கார்கூட இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் குளிர் குறையாமல் ஓட வேண்டும். ஆக, எட்டு வயது கார் ஒன்றில் முதன்முறையாகக் குளிர் மெல்லக் குறைந்தால் அது இயல்பு. சென்ற தீபாவளிக்கு ஏற்றிய கேஸ் தைப்பூசத்துக்குள் போய்விட்டதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்காமல் டின்மேல் டின்னாக ஏற்றுவது, ஓட்டை வாளியைக் கிணற்றில் இறக்குகிற வேலை.

காசு போவது மட்டும் நஷ்டமில்லை. கம்ப்ரெசர் தேயாமல் ஓடுவதற்கான எண்ணெயும் அதே கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் வெளியேறும். டின்னில் வருவது பெரும்பாலும் வெறும் கேஸ்தான். மூன்று முறை ஏற்றி மூன்று முறை கசியவிட்ட காரில் கேஸ் இருக்கும், எண்ணெய் இருக்காது. எண்ணெய் வற்றிய கம்ப்ரெசர் ஒருநாள் இறுகி நின்றுவிடும். அப்போது உள்ளே அரைபட்ட உலோகத்தூள் குழாய் முழுவதும் பரவி, கண்டென்சரையும் வால்வையும் அடைக்கும். சில பத்து வெள்ளியில் தொடங்கிய வேலை பல நூறு வெள்ளியில் வந்து நிற்கும், சில கார்களில் ஆயிரத்தைத் தாண்டும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தோட்டப்புறக் குடும்பம் ஒன்றுக்கு அந்தப் பில் எத்தனை நாள் உழைப்பு என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

கேஸ் மேல் பழி போடும் முன்

குளிர் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்று நினைப்பது நம் பக்கத்து ரோடுகளில் இன்னும் தவறு. 1917இல் ஹென்றி ஃபாக்கோனியர் என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது இந்த வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் தோட்டத்து உள்சாலைகளில் பல செம்மண் பாதையாகவே இருக்கின்றன. குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒரு மைல் ஓட்டினால் கார் என்ன நிறமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே புழுதிதான் முன்பக்கம் இருக்கும் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் போய் அடைகிறது. தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கம் அறுவடைக் காலத்தில் நெல் உமியும் பூச்சிகளும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. காற்று புகாத கண்டென்சரால் சூட்டை வெளியேற்ற முடியாது. கேஸ் முழுதாக இருந்தும் ஏர்கோன் குளிராது.

எனவே முதல் வேலை தண்ணீர்க் குழாய்தான். என்ஜின் ஆறிய பிறகு, முன் கிரில் வழியாகச் சாதாரணக் குழாய் நீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். கார் கழுவும் கடையின் அழுத்தக் குழாயைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். பிறகு அடைப்பைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். கழுவும்போதே சல்லடை போல இருக்கும் அந்தத் தகடுகளில் எண்ணெய்க் கறை, கல் பட்ட பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சரளைப் பாதையில் ஓடும் கார்களில் கசிவு தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

அடுத்தது மின்விசிறி. ஏர்கோனைப் போட்டதும் ரேடியேட்டர் பக்கத்து விசிறி சுழல வேண்டும். கார் ஓடும்போது குளிராகவும், சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது வெதுவெதுப்பாகவும் இருந்தால், பெரும்பாலும் இந்த விசிறியோ அடைத்த கண்டென்சரோதான் குற்றவாளி. கேஸ் குறைந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், முதலில் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

காற்றே குறைவாக வருகிறதென்றால் உள்ளே இருக்கும் வடிகட்டியைப் பாருங்கள். பல பெரோடுவா, புரோட்டோன் கார்களில் அது முன்பயணியின் முழங்காலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் கழற்றினால் கையாலேயே உருவலாம். தோட்டப்புறங்களில் இதைத் திறக்கும்போது கொஞ்சம் தள்ளியே முகத்தை வைத்துக்கொள்வது நல்லது. செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை, அதற்காகத்தான் தோட்டங்களில் கூண்டு வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். கூகைக்குத் தப்பிய எலிகள் சூடான போனட்டுக்குள் ஏறி, வடிகட்டியைக் கிழித்து மெத்தை போட்டுக்கொள்கின்றன. சில சமயம் கம்ப்ரெசருக்குப் போகும் வயரையே கடித்துவிடுகின்றன. வயர் அறுந்த காருக்கு எத்தனை டின் ஏற்றினாலும் குளிராது.

அதையும் வீட்டிலேயே சோதிக்கலாம். என்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான உள்ளூர்க் கார்களில் போனட் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கம்ப்ரெசர் முகப்பில் இருக்கும் காந்தக் கிளட்ச் ஒட்டும் சத்தம் அது. சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கலாம். அல்லது கேஸ் மிகவும் குறைந்து, கம்ப்ரெசரைக் காப்பாற்ற அழுத்த சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். சில வினாடிக்கு ஒருமுறை ஒட்டி ஒட்டி விடுகிறதென்றால் கேஸ் குறைவுதான் முதல் சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கார் நின்ற இடத்தில் முன்பக்கம் சொட்டும் தெளிந்த தண்ணீரைக் கண்டு "கேஸ் ஒழுகுது" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது காற்றின் ஈரம், கூலிங் காயிலில் பட்டு நீராகி வெளியே வருகிறது. சொட்டினால் நல்லது. வெளியே சொட்டாமல் பயணியின் கால்விரிப்பு நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

ஓட்டையைத் தேடுவது

கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதோடு வெளியேறும் எண்ணெய் தெரியும். குழாய் இணைப்புகள், கம்ப்ரெசரின் முன்பகுதி, கண்டென்சர் ஆகிய இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தால் அங்கேதான் கசிகிறது. பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்துத் தடவிப் பார்க்கலாம். குமிழி வந்தால் கேள்வியே இல்லை. வராவிட்டால் கசிவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, நுண்ணிய கசிவுக்குப் பட்டறையின் மின்னணுக் கருவியோ, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயமோ வேண்டும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் மறைந்திருப்பதால் அங்கே கசிந்தால் வீட்டில் கண்டுபிடிப்பது கடினம்.

முதலில் பார்க்க வேண்டிய, ஆனால் பலர் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. கேஸ் ஏற்றும் வாயில், கார் டயரில் இருப்பது போன்ற ஒரு சின்ன வால்வு ஊசி இருக்கும். முன்பு ஏற்றியவர் மூடியைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தால் அதில் மண் புகுந்து மெல்லக் கசியும். மூடியைத் திறந்து ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டாலே தெரிந்துவிடும். அந்த ஊசியின் விலை மிகச் சொற்பம். இதைச் சரிபார்க்காமல் கண்டென்சரையே மாற்றச் சொல்லும் பட்டறையும் உண்டு என்பதால், கார்க்காரருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

"ஓட்டையை அடைக்கும் மருந்து சேர்ந்தது" என்று எழுதிய டின்களை வாங்காமல் இருப்பதே உத்தமம். அந்தப் பசை ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையை அடைத்துவிடக்கூடும். பிறகு அந்தக் காரைத் தங்கள் இயந்திரத்தில் மாட்ட நல்ல பட்டறைகள் தயங்கும்.

எந்தக் கேஸ்?

போனட்டைத் திறந்தால் உட்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலேயோ ஒரு சிட்டை ஒட்டியிருக்கும். கேஸின் பெயர், எத்தனை கிராம், எந்த எண்ணெய் என்ற மூன்றும் அதில் இருக்கும். இதைப் படிக்காமல் யாரும் டின்னைத் தொடக் கூடாது.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாக்களில் இருந்தது ஆர்-12. வானத்தின் ஓசோன் படலத்தை அது அரிக்கிறது என்று மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974இல் எழுதினர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது, மலேசியா 1989இல் அதை ஏற்றது. 1990களின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் புதிய கார்கள் ஆர்-134ஏக்கு மாறின. இன்னமும் தாத்தாவின் பழைய சாகாவை ஆசையாக வைத்திருப்பவர்கள், அது மாற்றப்பட்டதா இல்லையா என்று தெரியாமல் 134ஏ ஏற்றினால் சிக்கல் வரும். ஆர்-12இன் பழைய எண்ணெயோடு புதிய கேஸ் கலக்காது, எண்ணெய் கம்ப்ரெசருக்குத் திரும்பாது.

மறுபக்கம், ஐரோப்பாவில் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஆர்-134ஏ தடை. அதனால் புதிய வெளிநாட்டுக் கார்களில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் இருக்கிறது. அது லேசாகத் தீப்பற்றக் கூடியது, விலையும் பல மடங்கு. ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரெசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. 2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 வந்த பிறகு உள்ளூர்ப் பெயரிலேயே மின்சாரக் கார் வந்துவிட்டது. அவற்றுக்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் தேவை. சாதாரண டின்னில் கலந்து வரும் எண்ணெய் கொஞ்சம் உள்ளே போனாலும் மின்காப்பு கெட்டுவிடும். ஆரஞ்சு நிற வயர் தெரியும் காரில் வீட்டு வைத்தியமே வேண்டாம்.

வீட்டு ஏர்கோன் மாட்டும் உறவினரின் சிலிண்டரிலிருந்து "கொஞ்சம்" வாங்கிக் காருக்கு ஏற்றும் பழக்கமும் ஆபத்தானது. வீட்டு ஏர்கோன்களில் இருக்கும் ஆர்-410ஏ, ஆர்-32 ஆகியவற்றின் அழுத்தம் கார் கேஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காரின் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

மலிவு விலை டின்னைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கப்பல் கொள்கலன்கள் வெடித்து மூன்று துறைமுகத் தொழிலாளர்கள் இறந்தனர். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றப்பட்டதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததே காரணமாகக் கருதப்பட்டது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறக்கூடியது. கார் ஏர்கோனின் கண்டென்சரும் குழாய்களும் பெரும்பாலும் அலுமினியம்தான். தயாரித்தவர் பெயரே இல்லாத, சந்தை விலைக்குப் பாதியில் கிடைக்கும் டின்னை வாங்குவதற்கு முன் இந்தச் சம்பவம் நினைவுக்கு வரட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏற்றுவதென்றால்

கண்டென்சர் சுத்தம், விசிறி ஓடுகிறது, பெரிய கசிவு இல்லை, ஆண்டுகள் பல கழித்து முதன்முறையாகக் குளிர் குறைந்திருக்கிறது, சிட்டையில் ஆர்-134ஏ என்றே இருக்கிறது. இப்படிப்பட்ட காருக்குக் கைவேலை தெரிந்தவர் வீட்டில் கொஞ்சம் கேஸ் சேர்ப்பதில் தவறில்லை. ஏர்கோன் முழுக்கக் காலியாகிவிட்ட காருக்கு மட்டும் இது பொருந்தவே பொருந்தாது. காலியான குழாய்க்குள் காற்றும் ஈரமும் புகுந்திருக்கும். ஈரம் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். வேக்குவம் பம்ப்பால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் உறிஞ்சினால்தான் அந்த ஈரம் போகும். டின்னால் அது ஆகாது.

திறந்த வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, மூடிய கராஜில் தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். சிகரெட், மண்ணெண்ணெய் அடுப்பு, தீச்சுடர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சுடர் பட்டால் அது நச்சு வாயுவாகச் சிதையும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கத் தள்ளியே நிற்கட்டும்.

காரில் இரண்டு வாய்கள் இருக்கும். மெல்லிய குழாயில், "எச்" என்ற மூடியோடு இருப்பது உயர் அழுத்தப் பக்கம். தடித்த குழாயில், "எல்" என்ற மூடியோடு இருப்பது தாழ் அழுத்தப் பக்கம். டின்னை மாட்டுவது தடித்த குழாயில் மட்டுமே. தவறி மாட்டாமலிருக்க இரண்டு வாய்களும் வெவ்வேறு அளவில் செய்யப்பட்டிருக்கின்றன. சேரவில்லையே என்று மாற்று இணைப்பு வாங்கி உயர் அழுத்தப் பக்கத்தில் மாட்டினால், கேஸ் காரிலிருந்து டின்னுக்குத் திரும்பிப் பாய்ந்து டின் வெடிக்கும்.

என்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனை முழுக் குளிரிலும் முழு வேகத்திலும் வைத்து, கார்க் கதவுகளைத் திறந்துவிட வேண்டும். குழாயில் இருக்கும் காற்றை ஒரு நொடி கேஸ் விட்டு வெளியேற்றிய பிறகே வாயில் இறுக்க வேண்டும். டின் நிமிர்ந்தே இருக்க வேண்டும். வேகமாக ஏறட்டும் என்று தலைகீழாகப் பிடித்தால் திரவம் கம்ப்ரெசருக்குள் போகும். திரவத்தை அழுத்த முடியாது, வால்வுத் தகடு உடையும். டின் சில்லிட்டு கேஸ் வருவது குறைந்தால், கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். கொதிநீர், லைட்டர் கூடவே கூடாது.

இப்போது அந்த வண்ண மீட்டர். வீட்டில் செய்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். என்ஜின் ஓடாதபோது மாட்டினால், 30 டிகிரி வெயிலில் முள் ஏறக்குறைய 95 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டி, சிவப்புப் பகுதிக்குப் போய்விடும். உள்ளே 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும், கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அதே எண்தான். ஓடும்போது தாழ் பக்கத்தில் 25 முதல் 45 பிஎஸ்ஐ வரை இயல்பு. ஆனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருந்தாலும் முள் கீழேயே நிற்கும், கேஸ் குறைவு என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போவீர்கள். கம்ப்ரெசர் தேய்ந்திருந்தால் முள் மேலேயே நிற்கும், கேஸ் போதும் என்று நினைப்பீர்கள். உயர் பக்கத்து அழுத்தமும் தெரிந்தால்தான் முழுக் கதையும் புரியும். பட்டறைக்காரர் இரண்டு மீட்டர் வைத்திருப்பது அதற்காகத்தான்.

மீட்டரைவிட நம்பத்தக்கது சமையலறைத் தராசு. ஏற்றும் முன் டின்னை நிறுத்துவிட்டு, நடுவில் இரண்டு மூன்று முறை கழற்றி நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் உள்ளே போனது என்று தெளிவாகத் தெரியும். 400 கிராம் கொள்ளும் காரில் 100 கிராம் குறைந்திருக்க, மிச்சம் வைப்பானேன் என்று 300 கிராம் டின் முழுவதையும் ஏற்றினால் உள்ளே 600 கிராம் ஆகிவிடும். கூடுதல் கேஸ் கூடுதல் குளிர் தராது. கண்டென்சர் முழுக்கத் திரவம் நிறைந்து, சூட்டை வெளியேற்ற இடமில்லாமல், அழுத்தம் ஏறி, குளிர் இன்னும் குறையும். எண்ணெய்ச் செலவு கூடும், கம்ப்ரெசர் திணறும். எனவே 30, 40 கிராம் ஏற்றுவது, ஐந்து நிமிடம் ஓடவிடுவது, நடுத் துவாரத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பது என்று மெதுவாகப் போக வேண்டும். நம் மதிய வெயிலில் உட்காற்றுச் சுழற்சியில் 7 முதல் 12 டிகிரி வந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம். 100 கிராம் தாண்டியும் மாற்றம் இல்லையென்றால் சிக்கல் கேஸில் இல்லை. கழற்றிய பிறகு மூடியை மறக்காமல் போடுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பட்டறைக்குப் போனாலும் அதே டின் வேலையைக் காசு கொடுத்து வாங்கி வருகிறவர்கள் பலர். பத்து நிமிடத்தில் "கேஸ் ஏத்தியாச்சு" என்று சொன்னால், அது பழுதுபார்ப்பு அல்ல. கசிவு எங்கே என்று பார்த்தீர்களா, வேக்குவம் எவ்வளவு நேரம் போட்டீர்கள், வேக்குவத்தை நிறுத்திய பிறகு முள் நின்றதா ஏறியதா, எத்தனை கிராம் நிறுத்து ஏற்றினீர்கள் என்று கேட்கலாம். கண்டென்சரையோ கம்ப்ரெசரையோ மாற்றினால் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார்களா என்றும் கேட்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல பட்டறைக்காரருக்கு இந்தக் கேள்விகள் கோபத்தை வரவழைக்காது.

எழுதிய ரசீது வாங்கிக்கொள்வது முக்கியம். செய்த வேலை, போட்ட பாகம், கேஸின் கிராம் மூன்றும் அதில் இருக்கட்டும். ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே புகார் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்பது கடினம்.

கேஸை வெளியே திறந்துவிட்டு "புதுசா போட்டுத் தரேன்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து விலகுவது நல்லது. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ அதே எடை கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு வேலை செய்கிறது என்பது ஐநா பருவநிலைக் குழுவின் 2007ஆம் ஆண்டுக் கணக்கு. ஒரு சிறிய காரின் 400 கிராமை ஆகாயத்தில் விடுவது அரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தத்தை மலேசியா 2020இல் ஏற்றது. அதன்படி வளரும் நாடுகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கேஸ்களின் பயன்பாட்டை 2024 முதல் உயராமல் நிறுத்தி, 2029இல் 10 விழுக்காடு குறைத்து, 2045க்குள் 80 விழுக்காடு குறைக்க வேண்டும். வரத்து குறையக் குறைய, இன்று மலிவாகக் கிடைக்கும் டின் நாளை அதே விலையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கசிவை இப்போதே அடைத்துவைப்பவருக்கு அந்தக் கவலை குறைவு.

பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட, தோட்டத்து வீட்டில் பெற்றோரின் கார் வாரக்கணக்கில் நிற்கும் வீடுகள் இந்த வட்டாரத்தில் பல. ஓடாமல் நிற்கும் காரில் கம்ப்ரெசரின் சீல் காய்ந்து கசியத் தொடங்கும். வாரத்துக்கு ஒருமுறை, திறந்த வெளியில், பத்து நிமிடம் ஏர்கோனைப் போட்டு என்ஜினை ஓடவிட்டால் எண்ணெய் சுற்றி சீல் ஈரமாக இருக்கும். அப்படியே எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் போனட்டைத் திறந்து பார்த்துவிடலாம்.